மூன்று மின்னாத ஈக்கள்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் மரங்களும் சுகம். உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? ஐந்தாம் மாதம் ஆகிவிட்டதே, மசக்கை நின்றதா? போன தடவை நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல். ஆனால் மாடிப்படி மட்டும் ஏற விடாதே.

போனில் பேசினால் என்ன என்று உன் மாமா கேட்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் வேண்டுமென்றால் மலைப்பாதையில் இரண்டு வளைவு ஏற வேண்டும். மூச்சு வாங்க ஏறிக் கூப்பிட்டால் உன் போன் ஆலை வாசலில் பெட்டிக்குள் கிடக்கும். தப்பித் தவறி நீ எடுத்தாலும் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் உன்னிடமிருந்து நாலு வரி தேறுகிறது.

இங்கே எல்லோருக்கும் கால் தரையில் இல்லை. நம் மாம்பழம் முதல் முறையாகக் கப்பல் ஏறப்போகிறது. ஏப்ரல் இருபதாம் தேதி முதல் லாரி. வாங்குகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், பள்ளத்தாக்கில் பழ ஈ இருக்கக் கூடாது. தோலுக்குள் முட்டை வைத்துவிட்டால் வெளியே ஒரு குறையும் தெரியாது, வெட்டினால் உள்ளே புழு நெளியும். அதற்காகத்தான் மூன்று வருஷமாக நாற்பத்தெட்டு பொறியையும் வாரா வாரம் திறந்து பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தப் பெயரே மறந்துவிட்டது, ஊரில் எனக்குப் பெயர் பொறிக்காரம்மா.

பொறியில் விழுவதெல்லாம் உங்கள் ஆலையில் வளர்த்து, கதிர் காட்டி மலடாக்கி, காட்டு ஈயோடு கூடினாலும் முட்டை பொரியாதபடி இங்கே விட அனுப்புகிற ஈதான். ஊதா விளக்கை அடித்தால் நீ தூவிய ஆரஞ்சுப் பொடி தலையில் மின்னும். மின்னினால் நம் வீட்டு ஈ, மின்னாவிட்டால் காட்டு ஈ. இந்த மூன்று வருஷத்தில் மின்னாத ஈ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், உன்னை நினைத்தும் சேர்த்து.

இன்னொன்று தெரியுமா? உன் கடிதங்களும் மின்னுகின்றன. விளக்கைக் காட்டினால் தாள் முழுக்க உன் விரல். உன் மாமாவுக்கு இது நல்ல வேடிக்கை.

பதில் போடு. அவளை உட்கார வைத்து நீ சமை.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவளும் நலம், கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறாள். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

என் கடிதம் மின்னாமல் என்ன செய்யும்? இந்தப் பொடி என் காதுக்குள், நகத்துக்குள், தலையணைக்குள் எல்லாம் இருக்கிறது. எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொடி மேசையிலேயே உட்கார்ந்துதான் எழுதுவேன், வேறு எங்கே போவது? உள்ளே போக மூன்று கதவு, வெளியே வர மூன்று கதவு. ஒவ்வொன்றிலும் காற்று முகத்தில் அறையும். கண்ணாடி முன்னால் நின்று உடம்பில் ஈ ஒட்டியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட நான் இத்தனை முறை கண்ணாடி பார்த்ததில்லை.

என்னோடு பொடி போட்டுக்கொண்டிருந்தவர் போன மாதம் நின்றுவிட்டார். இப்போது ஒன்பது தட்டும் நான் ஒருவன்தான். கூட்டுப்புழு தட்டில் கோதுமை மாதிரி கிடக்கும். பொடி தூவி, குலுக்கி, கதிர் அறைக்குத் தள்ள வேண்டும். பொடிக் கையோடு பதிவேட்டைத் தொட்டால் சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் காலையில் வந்ததும் ஒன்பது தட்டுக்கும் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டுவேன். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆறு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தர உத்தரவு இந்த மார்ச்சில் வரும் என்கிறார்கள். வந்தால்தான் குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருக்கலாம்.

இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. நீளமான பெஞ்சு ஒன்று கிடைத்தது, உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எழுதினால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் நலம் என்றதில் சந்தோஷம். இங்கும் குறையில்லை, உன் மாமாவுக்கு மட்டும் ஏணி ஏறி ஏறி முட்டி வலி.

பெரிய மனுஷன் ஆகிவிட்டாய் போலிருக்கிறது. இந்தக் கடிதம் மின்னவேயில்லை. உன் மாமா விளக்கைப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, திருப்பி வைத்தெல்லாம் பார்த்தார், ஒரு புள்ளி இல்லை. தாளில் வேறு ஏதோ ஆஸ்பத்திரி மருந்து வாடை. ஆலையில் புது சோப்பு கொடுத்தார்களா?

அட்டைப் பெட்டிகள் வந்து பேக்கிங் கொட்டகையில் கூரை முட்ட அடுக்கியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து நெட்டையார் பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்திருக்கிறாராம். "இதுல நம்ம பள்ளத்தாக்கு படம் போட்டிருக்காங்க பாருங்க" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துக் காட்டுகிறார். படத்தில் இருப்பது எந்த ஊர் மலையோ, யார் கண்டது. மூன்று வருஷமாக விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் வேகவைத்த மனுஷன். அவர் ஆசைப்பட்டால் தப்பில்லை.

முதல் லாரி கிளம்பியதும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் நலமா? நான் நலம் என்று எழுத வரவில்லை.

வியாழக்கிழமை முப்பத்தோராம் பொறியைத் திறந்தேன். நெட்டையார் தோட்டத்தில் இருப்பது. உள்ளே இருபத்து மூன்று ஈ. இருபத்திரண்டு மின்னியது, ஒன்று மின்னவில்லை. விளக்கில் பேட்டரி போய்விட்டதோ என்று என் நகத்தில் அடித்துப் பார்த்தேன், நகம் மின்னியது. ஈ கூட்டை உடைத்து வரும்போது நெற்றி மடிப்புக்குள் பொடி மாட்டிக்கொள்ளும், மேலே உதிர்ந்தாலும் உள்ளே இருக்கும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். தலையை நசுக்கிப் பார்த்தேன். உள்ளேயும் இல்லை.

ஒரு நிமிஷம் நின்றேன். ஊதியிருந்தால் பறந்து போயிருக்கும் அந்தத் தூசி. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மூன்று வருஷமாக உண்மையை எழுதின கை. "1" என்று எழுதினேன். அடுத்து எங்கள் தோட்டத்துப் பொறியில் ஒன்று. சாயங்காலத்துக்குள் ஏழாம் பொறியில் ஒன்று. மூன்று ஆகிவிட்டால் சட்டப்படி கதவடைப்பு.

மறுநாளே மலைப்பாதையில் குறுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள். போகிற ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த பழத் துண்டைக்கூட வாங்கி வாளியில் போட்டார்கள். மனிதர்கள் போகலாமாம், பழம்தான் போகக் கூடாதாம். பழத்தை விட்டுவிட்டு இங்கே யார் எங்கே போவது?

லாரி இல்லை. கப்பல் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, தம்பி. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்தேன். மிகவும் வருத்தமாக இருந்தது. எல்லோரும் தைரியமாக இருங்கள்.

அந்த ஈக்களைப் பிடிப்பதற்கு முன் கடைசியாக விடப்பட்ட ஆலை ஈப் பெட்டிகளில் எந்தத் தேதி முத்திரை இருந்தது என்று தெரியுமா? ஈக்களை லேபுக்கு அனுப்பினார்களா? மலட்டு ஈயா காட்டு ஈயா என்று வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியும் என்பார்கள்.

இவள் நலமாக இருக்கிறாள். இங்கே வேலை அதிகம். அவசரத்தில் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு வரி கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அவளுக்கும் ஒன்றுமில்லையே? மறைக்காமல் எழுது.

நீ கேட்டதற்குப் பதில். பெட்டிகளில் பிப்ரவரி 14 முத்திரை. லேபுக்கு அனுப்பினார்கள், ஆனால் வாரம் முழுக்கப் பொறியில் கிடந்து காய்ந்துபோன ஈயின் வயிற்றில் ஒன்றும் தெரியவில்லையாம். பொடி ஒன்றுதான் சாட்சி என்கிறார் கதவடைப்பு போட்ட ஆபீசர்.

நேற்று கொட்டகையில் கூட்டம். காலிப் பெட்டிகளுக்கு நடுவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நெட்டையார் எழுந்தார். "ஆலையில ஒருநாள் பொடி போட மறந்திருந்தா? அது நம்ம ஈயாவே இருந்தா? யாரோ தூங்குனதுக்கு நம்ம தலையில ஏன் கட்டுறீங்க?" என்று கேட்டார். ஆபீசர் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். "ஆலையில கேட்டாச்சுங்க. பதிவேட்டுல எல்லாத் தட்டுக்கும் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல நான் என்ன செய்ய?" நெட்டையார் விடவில்லை. "கையெழுத்து யாரு வேணாலும் போடலாம்" என்றார்.

அப்போது நான் எழுந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "அந்தக் கையெழுத்து என் தம்பியோடது. அவன் போட்டேன்னா போட்டிருப்பான். அவனைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன். நெட்டையார் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு சந்தேகம்தான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னிடமிருந்தே ஒரு வரி எழுதி வாங்கினால் ஊர் அடங்கும் என்றார். ஒரே ஒரு வரி. பதினான்காம் தேதி ஒன்பது தட்டுக்கும் நான் பொடி போட்டேன் என்று. எழுதி அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. இவள் அதை இரண்டு தடவை சத்தம் போட்டு வாசித்தாள். தொட்டில் வாங்கி வைத்திருக்கிறோம். குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குக் கம்பி வலை, அதற்குப் பின்னால் இன்னொரு கம்பி வலை. கொசு வராது என்று இவளுக்குச் சந்தோஷம். ஆனால் அதன் பக்கத்தில் நின்றால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீ கேட்ட விஷயம். பிப்ரவரி 14 பதிவேட்டில் ஒன்பது தட்டுக்கும் நேராக என் கையெழுத்து இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

மாமாவின் முட்டி வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நிரந்தரம் ஆனதற்கு வாழ்த்து. தொட்டிலுக்கும் சேர்த்து.

உன் வரியைக் கொட்டகையில் நான்தான் வாசித்தேன். "ஒன்பது தட்டுக்கும் நேராக என் கையெழுத்து இருக்கிறது." பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். அவர் படித்ததும் நான் வாசித்ததும் கையெழுத்தைப் பற்றி. பொடியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

போன வாரம் உத்தரவு வந்தது. மூன்று பொறியைச் சுற்றி இருக்கிற எல்லாத் தோட்டத்திலும் ஒரு பிஞ்சு விடாமல் பறித்துப் புதைக்க வேண்டும். எங்கள் தோட்டமும் நெட்டையார் தோட்டமும் அதில் அடக்கம். உன் மாமா ஏணி வைத்து நாலு நாள் பறித்தார். பழுக்கப் பத்து நாள் இருந்த காய்கள், ஒவ்வொன்றும் கைகொள்ளாத கனம். கறுப்புப் பையில் கட்டி, குழியில் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். மூடின இடத்திலிருந்து நாலு நாள் நல்ல மாம்பழ வாசனை வந்துகொண்டே இருந்தது, தம்பி. ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தோம்.

ஊர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டது. ஈயைப் பிடித்தவள் நான், ஈயைக் கொண்டுவந்தவளும் நான்தான் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஏழாம் பொறியை யாரோ கல்லால் அடித்து உடைத்திருக்கிறார்கள். புதுசு கட்டினேன்.

உன் மாமா அடுத்த வாரம் குளிர்கிடங்கு வேலைக்கு வெளியூர் போகிறார். "நீயும் வந்துடேன்" என்றார். பொறியை விட்டுவிட்டு எப்படி வருவது? நாற்பத்தெட்டையும் வாரா வாரம் பார்த்தே ஆக வேண்டும். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை.

அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 30

தம்பிக்கு,

ஆறு வாரமாகிறது. நீ எழுதவில்லை. மலை வளைவு ஏறி நான்கு தடவை கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நிற்கிறது.

குழந்தை பிறந்துவிட்டதா? அதையாவது சொல்லு. நல்லதோ கெட்டதோ ஒரு அட்டையில் எழுதிப் போடு. வேறு எதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

இங்கே அந்த மூன்றுக்குப் பிறகு மின்னாத ஈ ஒன்றுகூட விழவில்லை. காட்டு ஈ என்றால் மூன்றோடு நிற்குமா என்று நான் யாரிடம் கேட்பது?

அக்கா


ஜூன் 11

அக்கா,

பெண் குழந்தை. மே 22. தாயும் சேயும் நலம். அவளுக்கு உன் மூக்கு. இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் அடுத்த வரியாக இன்னொன்று வந்து நின்றது, அதனால் இதையும் எழுதவில்லை.

பிப்ரவரி 14 காலையில் வழக்கம்போல ஒன்பது கையெழுத்தையும் போட்டுவிட்டுக் கையுறை மாட்டினேன். ஏழு தட்டு முடித்தேன். வாசலிலிருந்து ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினார். இவளுக்கு ரத்தம் போகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். போன தடவையும் ஐந்தாம் மாதம்தான், உனக்குத் தெரியும். ஓடிவிட்டேன். மூன்று கதவிலும் காற்று அடித்து முடியும்வரை நின்றதுதான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ் முகம் சுளித்து, மருந்து போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவச் சொல்லி, பிறகுதான் உள்ளே விட்டார். அங்கே வராந்தா பெஞ்சில், அவரிடமே தாள் வாங்கித்தான் உனக்கு எழுதினேன். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று ஓய்வெடுக்கிறாள் என்று எழுதினேன்.

சாயங்காலம் போய் மீதி இரண்டைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் தட்டுகள் இல்லை. பதிவேட்டில் கையெழுத்து இருக்கவே, தள்ளிவிட்டிருக்கிறார்கள். கதிர் காட்டி, பெட்டியில் அடைத்து, லாரி கிளம்பிவிட்டது. மலட்டு ஈ, பொடி இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன். நிரந்தர உத்தரவு வருகிற நேரம். வாயைத் திறக்கவில்லை.

பெட்டியில் மற்றக் கூட்டுப்புழுக்களோடு கலந்ததில் பலவற்றில் பொடி ஒட்டியிருக்கும், ஒட்டாமல் தப்பியவைதான் நீ பிடித்த மூன்றும் அக்கா. அவற்றால் ஒரு முட்டைகூடப் பொரிந்திருக்காது. உங்கள் பள்ளத்தாக்கில் காட்டு ஈ என்றைக்குமே இருந்ததில்லை.

கூட்டத்தில் எழுந்து எனக்காகப் பேசியதாக நீ எழுதியிருந்தாயே, அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. நீ பேசாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ பேசிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் அந்த மாதிரி ஒரு வரி எழுதினேன். பொய் இல்லாத பொய்.

நடந்தது எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பொடியில் தோய்த்து விரல்ரேகையும் வைத்திருக்கிறேன். ஆபீசரிடம் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் தம்பி


ஜூன் 20

தம்பி,

முதலில் நல்லது. என் மருமகள் வந்து சேர்ந்ததில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. உன் மாமாவுக்குச் சொல்ல இரண்டு வளைவும் ஓடியே ஏறினேன். அவர் குளிர்கிடங்கிலிருந்து வெளியே வந்து போனை எடுத்து, பல் நடுங்க நடுங்கச் சிரித்தார். உன் வீட்டுக்காரி அவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை. அவளை அணைத்துக்கொண்டேன் என்று சொல்.

அடுத்தது கோபம். உன் இஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். நான்கு மாதம் நீ அடைபட்டுக் கிடந்த இடத்தில் என்னைத் தள்ளிவிட்டு, கதவை வெளியே தாழ் போட்டுக்கொண்டு, சம்மதம் என்கிறாய். கொடுத்தால் தம்பி பிழைப்பைக் கெடுத்த அக்கா, கிழித்தால் ஊரைக் கெடுத்த அக்கா. நல்லா இருக்குடா உன் நியாயம்.

திட்டி முடித்துவிட்டேன். இனி என்னுடையது.

பிப்ரவரி 14 கடிதம் மின்னவில்லை என்று நான் விளையாட்டாகத்தான் எழுதினேன். பெட்டிகளின் முத்திரை என்ன என்று நீ மார்ச்சில் கேட்டபோது ஆபீசரிடம் போய்ப் பார்த்தேன். அதே தேதி. வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி விளக்கைப் பிடித்தேன். எல்லாம் மின்னியது, அது ஒன்றைத் தவிர. முகர்ந்து பார்த்தேன். போன தடவை ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் மூன்று நாள் இருந்தவள் நான், அந்த வாடை எது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கூட்டம் அதற்கு அடுத்த வாரம்.

புரிந்துகொண்டுதான் எழுந்தேன் தம்பி. நெட்டையார் உண்மையின் வாசலுக்கே வந்துவிட்டார், அதற்குள் நான் குறுக்கே போய் நின்றேன். உன்னிடம் ஒரு வரி கேட்டதும் அதனால்தான். நீ போட்டேன் என்று எழுதிவிட்டால் நானும் நம்பிவிடலாம் என்று பார்த்தேன். நீயோ கையெழுத்தைப் பற்றி எழுதினாய். அதையும் புரிந்துகொண்டேதான் வாசித்தேன். அந்த வியாழக்கிழமை ஒரு தூசியை ஊத மாட்டேன் என்று நின்ற அதே கைதான் இதையும் செய்தது.

இந்த மாதம் முப்பதாம் தேதி கோப்பை மூடுகிறார்கள். காட்டு ஈ என்று எழுதி மூடினால் இன்னும் இரண்டு வருஷம் பள்ளத்தாக்குப் பழம் வெளியே போகாது. நெட்டையார் மரங்களை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அட்டைப் பெட்டி இன்னும் மேசைமேல் இருக்கிறது. உள்ளே பழைய செருப்பு போட்டு வைத்திருக்கிறார்.

"மரத்த வெட்டாதீங்க. நம்மகிட்ட காட்டு ஈ இல்ல. எப்பவுமே இருந்ததில்ல" என்றேன்.

அவர் அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"மார்ச்லேருந்து."

"நாம குழி வெட்டுறதுக்கு முன்னாடியே."

"ஆமாங்க."

அவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வெளியே போவதற்காக. படி இறங்கி வந்தேன். இத்தனை மாதம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது, வெட்கம் மட்டும் மிச்சம்.

இன்று காலை அவர் தோட்டத்தைத் தாண்டித்தான் பொறிக்குப் போனேன். வெட்டுகிற ஆளிடம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

உன் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நான் கொடுக்கவும் மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். எழுதியவன் நீ, உன் கையாலேயே கொடு. 27ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் ஆபீசர் முன்னால் உட்கார்ந்திருப்பேன், மின்னாத கடிதத்தையும் என் வாயையும் எடுத்துக்கொண்டு. என் பொறி வேலை போகும். போகட்டும், உண்மையை எழுதுகிற வேறு யாராவது பார்க்கட்டும். அதே பத்து மணிக்கு நீ உன் சூப்பர்வைசர் முன்னால் நின்றால், உன் வீட்டுக்காரிக்கு நான் எடுத்துச் சொல்வேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் மூன்று பேரும் இங்கே வாருங்கள். உன் மாமா அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஜன்னலில் ஒரு வலையும் கிடையாது.

மருமகளுக்கு என் பங்குக்கு ஒரு முத்தம் கொடு. கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்கு.

அக்கா